சமன் செய்யாத ஒரு பகல்

2016 அக்டோபர் 29, காலை ஏழு மணி. தீபாவளி. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் உள்ள சமையலெண்ணெய் ஆலை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த ஷர்மினி, ஈரத்தலையோடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண் அமர்ந்திருந்தார். அடுத்த ஷிஃப்டைச் சேர்ந்த இன்பராணி. அன்று அவருக்கு விடுமுறை.

"புது ஆள் நீதானா? பிள்ளை எங்க?"

"ஊர்ல, சிகாமட்ல, அம்மாகிட்ட."

"அப்ப இங்க என்ன பண்ற? கிளம்பு லா. உன் ஷிஃப்ட நான் பாத்துக்கறேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்."

ஷர்மினி அவர் கழுத்துச் சிலுவையைக் கவனித்தாள். "கிறிஸ்மஸுக்கு உங்களுக்குப் பதிலா நான் வரேன்க்கா."

"கேட்கும்போது குடு."

அவர் கேட்கவில்லை. டிசம்பர்தோறும் ஷர்மினி தொலைபேசியில் நினைவூட்டுவாள். கிறிஸ்மஸ் காலையில் இன்பராணியே வேலைக்கு வந்து நிற்பார். கணவர் இறந்தபின் அவர் வீட்டில் வேறு எவருமில்லை.

ஒருநாள் ஷிஃப்ட் மாறும் வேளையில் இருவரும் ஆய்வுக்கூடத்தின் வெந்நீர்த்தொட்டி அருகே காத்திருந்தனர். சோதனைக்காகக் குப்பியில் எடுத்து அதில் இறக்கிய எண்ணெயும் தொட்டியின் வெந்நீரும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை அடர்த்தியை அளக்கக் கூடாது. முடிவு தெரியாமல் லோரியை எடுக்க முடியாத ஓட்டுநர் மணியம் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"அலமாக், எண்ணெய் இன்னுமா குளிக்குது?"

"அவசரம்னா நீங்க வந்து முதுகு தேய்ச்சு விடுங்கண்ணே" என்றார் இன்பராணி.

மணியம் முணுமுணுத்துக்கொண்டே போனதும் ஷர்மினி மெல்ல ஆரம்பித்தாள்.

"இந்தக் கிறிஸ்மஸுக்காவது வீட்ல இருங்கக்கா."

"வீட்ல நானும் நான் போட்ட டீயும்தான். கொஞ்ச நேரத்துல ரெண்டும் அறைச் சூட்டுக்கு வந்துரும்." வெப்பமானிகளைப் பார்த்தவர் தொடர்ந்தார்: "பாரு, ரெண்டும் ஒரே அளவு. இனிமே தண்ணியிலருந்து எண்ணெய்க்கு ஒண்ணும் போகாது. உன் கணக்கும் சமமாயிட்டா எனக்கு யாரு போன் பண்ணுவா?"

"நான் பண்ணுவேன்க்கா." சொன்ன வேகம் ஷர்மினிக்கே பிடிக்கவில்லை.

"பண்ணுவ. முதல் வருஷம்" என்று சிரித்துவிட்டு இன்பராணி அளக்கத் தொடங்கினார்.

2022 நவம்பரில் இன்பராணி மாரடைப்பால் காலமானார். அவ்வாண்டுக் கிறிஸ்மஸ் பகல் ஷிஃப்டை ஷர்மினி கேட்டு வாங்கினாள். எண்ணெய்க் குப்பியைத் தொட்டியில் இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வேலையிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர் இல்லாததால் அது இன்னொரு ஷிஃப்டாகவே கழிந்தது. அவள் தர வேண்டிய பகல் அப்படியே நின்றது.