காப்பி குடிக்காத தூதர்

உவரியில் ஞானசிகாமணி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. தூதர் வீடு என்று கேட்க வேண்டும். கடலில் வலை அறுந்து இரண்டு குடும்பங்கள் முறைத்துக்கொண்டாலும், சம்பந்தி வீடுகளுக்குள் பேச்சு நின்றாலும், நடுவில் போய்வருகிறவர் இவர்தான். ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

நான் இந்த ஊர் வேதக்கோயிலில் உபதேசியார். சொற்களை நோண்டிக்கொண்டிருப்பது என் கெட்ட பழக்கம். தூது வடமொழியிலிருந்து வந்த சொல். தூரம் என்பதற்கு அது உறவு என்று சொல்வோரும் உண்டு. பழைய புலவர்கள் அன்னத்தையும் மேகத்தையும் தூது விட்டார்கள். அவை வழியில் எதையும் கூட்டிச் சொல்லா என்கிற தைரியம்தான். அரசர்கள் ஆட்களை அனுப்பினார்கள். இப்போது அந்த வேலைக்குத் தூதரகம் என்று கட்டடமே இருக்கிறது. எங்கள் கோயிலில் வாளோடு நிற்கும் மிக்கேலும் அதிதூதர்தான். தேவதூதர்களை என் அம்மா சம்மனசு என்பாள். நல்ல மனசு என்று பொருளாம். கிரேக்கத்தில் சம்மனசுக்கு உள்ள சொல்லுக்கும் சேதி கொண்டுவருபவர் என்றுதான் அர்த்தம். சிறகெல்லாம் பிறகு நாம் ஒட்டியது.

ஞானசிகாமணிக்குச் சிறகும் இல்லை, கூப்பிட்டு உட்கார வைக்க ஆளும் இல்லை. அவர் தெருவில் திரும்பினாலே பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதற்குக் காரணம் ஒரு வழக்கம். நல்ல சேதி என்றால் அந்த வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் சொல்வார். கெட்ட சேதி என்றால் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார். கடலுக்குப் போனவன் திரும்பாத வீடுகளில் தம்ளரை நீட்டிவிட்டு அவர் கையையே பார்த்து நிற்பார்கள். கை நீளவில்லை என்றால் அழுகை தொடங்கிவிடும். இப்படிப்பட்டவரைச் சும்மா யார் வீட்டுக்கு அழைப்பார்கள்? அவர் வீட்டுக்குத்தான் யார் போவார்கள்? மனைவி இறந்து, மகன் கிங்ஸ்லியும் வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போன பிறகு, அவர் வாசலை ஆடுகள்தான் மிதித்தன. இந்த ஊர்மேல் எனக்கு அந்தக் கோபம் உண்டு.

இந்த வருடம் கிங்ஸ்லி போன படகு காணாமல் போனது. அங்கே உள்ள நம் தூதரகத்துக்கு எழுதினோம். ஞானசிகாமணி போன் வைத்துக்கொள்வதில்லை. அதனால் கோயில் எண்ணைக் கொடுத்திருந்தோம். தினமும் பூசை முடிந்ததும் வந்து ஆபீஸ் வாசலில் நிற்பார். சேதி இல்லை என்று நான் தலையை ஆட்டியதும் போய்விடுவார்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தூதரகத்திலிருந்து பேசினார்கள். கிங்ஸ்லி உயிரோடு இருக்கிறான். எல்லை தாண்டியதாகப் படகைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், விடுவதற்கு நாளாகும். வெயிலில் விழுந்தடித்து அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கருப்பட்டிக் காப்பியைத் தம்ளரில் ஊற்றி நீட்டினார். எனக்கு அன்று ஒருசந்தி. ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. ஓடிவந்த மூச்சும் அடங்கவில்லை. பழக்க தோஷத்தில் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டேன்.

அவர் தம்ளரைத் தரையில் வைத்தார். மெல்ல உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

"உடம்பு கெடைச்சிட்டா?" என்றார்.

என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. பையன் உயிரோடு இருக்கிறான் என்று பதறிப்போய்ச் சொன்னேன். தூதரகத்துக்காரர்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். என் முகத்தைப் பார்க்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருசந்தியாவது ஒன்றாவது. தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்துபோனது. காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. தோள் குலுங்க அழுதார்.

எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னார், சொன்னேன். பிறகு எழுந்தேன். சேதி சொன்னவன் கிளம்பிவிட வேண்டும், எல்லா வீட்டிலும் அவர் அப்படித்தான் செய்வார்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேதி சொல்லியாச்சில்லா. இனி கொஞ்ச நேரம் சும்மா இங்கன இரும்வே."

நான் உட்கார்ந்தேன். அவர் இன்னொரு காப்பி போடப் போனார்.