பொலிஸ் செக்குக்கு முந்திச் சொன்னவர்

ஸ்ட்ரெதம் தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் பற்றி ஒரு வகுப்பு வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது போன கிழமைக் கமிட்டிக் கூட்டத்தில்தான். கிரிக்கெட் பழக்க முன்வந்த ஒருவரைப் பெற்றோர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் நெடுவல். கையில் எப்போதும் பந்து. பேசும்போதும் அதைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருப்பார். காற்சட்டையில் ஒரு சிவப்புத் திட்டு.

பிள்ளைகளோடு பழகுபவர்களுக்குப் பழைய குற்றப்பதிவு பார்க்கும் பொலிஸ் செக் கட்டாயம் என்று தலைவர் சொன்னதும் அவர் எழுந்தார்.

“அதில என்ர பேரில ஒண்டு வரலாம், அண்ணை. எண்பதுகளில, பதினைஞ்சு வயசில, கஞ்சாவோட பிடிபட்டனான். கோர்ட்டுக்கு அனுப்பாமல் எச்சரிச்சு, ஒரு வகுப்புக்கு விட்டவை. வகுப்பு எப்பவோ முடிஞ்சுது. பதிவு அழியேல்லை.”

“பேசாமல் இருந்திருந்தா இண்டைக்கே ஓம் எண்டிருப்பம்,” என்றார் தலைவர்.

“பிறகு செக் பேப்பரில பார்த்து வெருண்டிருப்பியள்.”

ஒரு தாய் கேட்டார்: “அந்த வகுப்பில என்ன அண்ணை படிப்பிச்சவை?”

பந்து தேய்ப்பது நின்றது. “வேண்டாம் எண்டு சொல்ல. ஆனால் நீட்டுறவன் கூட்டாளி எண்டா எப்பிடிச் சொல்லுறது எண்டு படிப்பிக்கேல்லை, தங்கச்சி. அதை நானாத்தான் பழகினனான்.”

“அப்ப என்ர மகனுக்கு அதையும் பழக்கிவிடுங்கோ.”

தலைவர் கிரிக்கெட்டுக்கும் அந்த வகுப்புக்கும் சம்மதித்தார். ஆனால் செக் வரும்வரை அவர் பிள்ளைகளோடு தனியே நிற்கக்கூடாதாம். நான் கூட நிற்கிறேன் என்று உடனே கையைத் தூக்கிவிட்டேன்.

வரும் சனிக்கிழமை, பயிற்சி முடிய, முதல் வகுப்பு. நான் கஞ்சா நீட்டுகிற கூட்டாளியாக நடிக்கப்போகிறேன். நட்பு முறியாமல் அவர் என்னிடம் வேண்டாம் என்று சொல்லிக் காட்டப்போகிறார்.