கச்சான் அறிவித்தல்

ஸரீனா மகனைப் பெற்றது புத்தளத்து அகதி முகாமில். படுக்கையில் கிடந்த கிழடுகளைக் குவைத்தில் பன்னிரண்டு வருடம் தூக்கிக் கழுவி, அவனைப் படிப்பித்தாள். பிறகு ஊர் திரும்பிச் சிலாவத்துறையில் வீடு கட்டினாள். இப்போது கணவர் மௌத்தாகி, அடக்கம் செய்து ஏழு வருடம். வீட்டில் அவள் மட்டும்.

மகன் இன்ஸாப் கனடாவில். "அவளைக் கட்டினா இந்த வாசலை மிதிக்காதே" என்று, அவன் விரும்பிய பெண்ணைப் பற்றி நான்கு வருடத்துக்கு முன் ஸரீனா சொல்லியிருந்தாள். அவன் அவளையே கட்டினான். அவன் சொல் தட்டாத பிள்ளை. மிதிக்கவில்லை, ஒரு ரெலிபோன் கோலும் எடுக்கவில்லை.

வெளிநாடு போகுமுன் அவன் ஒரு பொட், ஒரு சின்னக் கணினி நிரல், செய்து வைத்திருந்தான். மௌத்து, மின்வெட்டு, கடற்காற்று என்று ஊர்ச் சங்கம் முகநூலில் போடுகிற அறிவித்தல்களை அது தானாகவே மஸ்ரடோனில் பிரதி பண்ணும். மஸ்ரடோன் ஒரு கொம்பனியின் சொத்தில்லை. ஆளுக்கொரு செர்வராகப் பரந்து கிடக்கும் தளம். சொந்தபந்தம் நிறைந்த முகநூலை விட்டு இன்ஸாப் அங்கே போயிருந்தான். பொட்டைப் பின்தொடர்ந்தவை பதினொரு கணக்குகள். பத்து, வேறு பொட்டுகள். ஊருக்குப் பக்கத்து அரிப்புக் கோட்டையின் படம் போட்ட பதினோராவது, இன்ஸாப். இடைக்கிடை ஒரு பதிவுக்கு விருப்பக்குறியாக நட்சத்திரம் போடுவான். மகன் சுகமாயிருக்கிறான் என்பதற்கு ஸரீனாவிடம் இருந்த அத்தாட்சி அவ்வளவுதான்.

மே மாதம், பொட் ஓடிய இலவசச் செர்வரை மூடிவிட்டார்கள். பிரதி நின்றது; மஸ்ரடோனில் பொட்டின் கணக்கு மட்டும் மிஞ்சியது. மூன்றாம் நாள் ஸரீனா அலுமாரியிலிருந்து மகனின் பழைய கொப்பியை எடுத்தாள். அதிலிருந்த கடவுச்சொல்லைப் போட்டுப் பொட்டின் கணக்கைத் திறந்து, சங்கத்தின் அறிவித்தலைத் தானே தட்டினாள். மேலே 'தானியங்கிப் பதிவு', கீழே இணைப்பு. பொட் போடுவது போலவே இருந்தது.

மீன் ஆணத்தோடு வந்த ஸில்மியா, கணவரின் தங்கை, கதிரையை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெசின் பழுதாப்போனா அதைத் திருத்தோணும், மதினி. நீங்கள் ஏன் மெசினாகிறீங்கள்?"

"திருத்தத் தெரிஞ்சவன் கனடாவில."

"அப்ப அவனுக்கு ஒரு கோல் எடுங்கோவன்."

"எடுக்க மாட்டான். இதை நான் எழுதுறன் எண்டு தெரிஞ்சா, இதையும் பாக்க மாட்டான்."

"நீங்கள் சொன்ன சொல்லுக்கு..."

"ஓம், சொன்னனான். ஆணத்தை மூடி வையுங்கோ, பூனை வரும்."

இரண்டு மாதம் ஒரு பிசகும் இல்லை. பிறகு கச்சான் காற்று ஊரையே புழுதியாக்கிய ஒரு காலை, 'படகுகள் கடலுக்குப் போகவேண்டாம்' என்ற அறிவித்தலைப் போட்டாள். இன்ஸாபுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு; புழுதியென்றால் மருந்துப் பம்ப் வேண்டும். விரல் பழக்கத்தில் ஒரு வரி கூடிவிட்டது: 'இழுப்புள்ளவர்கள் பம்பைப் பையில் வைத்திருங்கோ.'

அனுப்பிய பிறகுதான் கண்டாள். சங்கத்தின் அறிவித்தலில் அப்படியொரு வரியே இல்லை. அழிக்கப் போனாள். அதற்குள் கீழே அரிப்புக் கோட்டையிடமிருந்து ஒரு பதில் வந்திருந்தது.

'பம்ப் பையிலதான் இருக்கு.'

'உம்மா' என்று தாயை விளிக்கவில்லை. வேறொன்றும் இல்லை. 'சரி மகன்' என்று தட்டினாள், அழித்தாள். பொட் பதில் எழுதாது. பின்தொடர்வோரைப் பார்த்தாள்: பதினொன்று. அரிப்புக் கோட்டை அங்கேயே நின்றது. பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள்.

மறுநாள் காற்று விழுந்துவிட்டது. சங்கம் எதுவும் போடவில்லை. இல்லாத அறிவித்தலைப் பொட் போடாது. ஸரீனா கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, காற்று திரும்ப எழுந்து கொடியில் உடுப்பு ஆடுகிறதா என்று யன்னலால் பார்த்தாள்.