விண்டோஸ் அடித்த கணினி

முழுப் புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுவந்து போட்டோகொப்பி கேட்டால் அப்பா எடுத்துக் கொடுக்கமாட்டார். வினாத்தாள் என்றால் சரி. ஒரு பாடம் என்றாலும் சரி. புத்தகம் என்றால் திருப்பி நீட்டிவிடுவார். எங்கள் ஊரான ஆரையம்பதியில் இது சொல்லிச் சிரிக்கும் ஒரு பகிடி.

"மூர்த்தியண்ணை, இத எழுதினவர் உங்கட மச்சானா?" என்று கேட்பார்கள்.

"மச்சான் இல்ல. அவர்ர வீட்டிலயும் அடுப்பெரியோணும்தானே" என்பார்.

காத்தான்குடியிலிருந்து வரும் நஸீபா டீச்சர் ஒருமுறை கோபித்துக்கொண்டே போனார். கடைகளில் கிடைக்காத புத்தகம், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா அசையவில்லை.

அப்பாவின் பெயர் வினாயகமூர்த்தி. கூட்டுறவுச் சங்கமொன்றில் தட்டெழுத்தாளராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பிரதான வீதியில் சின்னக் கடை போட்டார். திருவிழா நோட்டீஸ், கலியாணக் காட், மரண அறிவித்தல். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். ஊரில் அநேகமானோரின் கல்வெட்டு அப்பாவின் கையால் வந்தது. இறந்தவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் எல்லாவற்றையும் கிழித்துப்போட்டுத் திரும்ப அடிப்பார். செத்தவர் வந்து திருத்தமாட்டார் என்பது அவர் சொல்லும் காரணம்.

கடைக்குக் கணினி செய்து கொடுத்தவன் நாவற்குடா விஜிதரன். கம்பெனிக் கணினி அப்பாவுக்குக் கட்டுபடியாகவில்லை. விஜிதரன் வீட்டில் வைத்தே பாகம் பாகமாகப் பூட்டுவான். ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான்.

"எல்லாம் அடிச்சிருக்கன் அண்ணை. விண்டோஸும் அடிச்சாச்சு, டிசைன் செய்யிறதும் அடிச்சாச்சு."

எங்கள் பக்கத்தில் கணினியில் மென்பொருள் போடுவதை அடிப்பது என்றுதான் சொல்வோம். நோட்டீஸும் அடிப்பதுதான். அடுத்தவன் பொருளை எடுப்பதும் அடிப்பதுதான். அப்பாவுக்கு அது தன் தொழிலின் சொல்லாக மட்டும் கேட்டிருக்க வேண்டும். கொடுத்த காசில் எல்லாம் அடக்கம் என்று நினைத்தார்.

கடைசி வருடம் அவர் மாறிப்போனார். நஸீபா டீச்சர் வேறு அலுவலாக வந்தபோது அப்பாவாகவே அந்தப் பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கி, முழுவதையும் பிரதி எடுத்துக் கட்டிக் கொடுத்தாராம். அதன்பின் யார் எதைக் கொண்டுவந்தாலும் எடுத்துக் கொடுத்தார். "என்னண்ணை, மச்சான் செத்துப்போயிற்றாரா?" என்று பகிடிக்காரர் கேட்டபோது பிரதியை எடுத்து நீட்டினார். பிறகு கடையை மூடினார். கண் தெரியவில்லை என்றார். கணினி வீட்டு முன்னறைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. மாரி தொடங்கமுன் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம் கூடியபோது கடையை மூடச் சொல்லி நச்சரித்தவர் அம்மா. செத்தவீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அதையே சொன்னார். "நான்தான் கா கடைய மூடப் பண்ணினன். அதோட மனிசன் உடைஞ்சிட்டார்." சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்வதற்குக் காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

அப்பாவின் கல்வெட்டை அப்பாவின் கணினியிலேயே செய்ய வேண்டும், பிறகு அதை அவர் பெயரில் வாசிகசாலைக்குக் கொடுக்க வேண்டும் என்றார் அம்மா.

நான் கொழும்பில் மென்பொருள் கம்பெனியொன்றில் வேலை செய்கிறேன். கணினியைப் போட்டேன். திரை கறுப்பாக வந்தது. மூலையில், இந்தப் பிரதி அசல் அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. உள்ளே பார்த்தேன். விண்டோஸ் களவு. பூட்டை உடைத்த சின்ன நிரல் பக்கத்திலேயே கிடந்தது. டிசைன் மென்பொருளும் களவு. எழுத்துருக்கள்கூட யாரோ விற்பனைக்குச் செய்தவை. அப்பா அடித்த பெயர்கள் எல்லாம் அந்த எழுத்தில்தான்.

நாவற்குடாவுக்குப் போனேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று விஜிதரன் நினைத்துவிட்டான். கதிரையைத் துடைத்துப் போட்டான். நான் கேட்கமுன் அவனே சொன்னான், அப்பா போன வருடம் வந்தவராம். கடைக்கு இன்டர்நெட் எடுத்த பிறகு திரையில் அந்த வரி வந்திருக்கிறது. அகராதியைப் பார்த்து அர்த்தம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"வந்து நிண்டபடியே கேட்டவர் அக்கா. 'தம்பி, இது ஆரிட்ட அடிச்சது?' எண்டு. நான் சிரிச்சிட்டன். எல்லாருக்கும் இப்பிடித்தான் அண்ணை அடிக்கிற எண்டன். அவர் சிரிக்கல்ல."

உண்மையானது என்ன விலை என்று கேட்டாராம். விஜிதரன் சொன்னானாம். கடைக்கு வந்து அந்த வரியை மறைத்துத் தருகிறேன் என்று அவன் எழும்பியபோது அப்பா தடுத்துவிட்டார்.

"'கிடக்கட்டும் தம்பி, அது உண்மையத்தானே சொல்லுது' எண்டார். போகக்குள்ள, 'அப்ப அந்த டீச்சர ஏன் நான் திருப்பி அனுப்பினன்' எண்டு கேட்டவர். எந்த டீச்சர் எண்டு எனக்கு விளங்கல்ல."

எனக்கு விளங்கியது.

காசில்லாமல், களவில்லாமல் ஓடும் மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுப்பது எனக்கு ஒரு பின்னேர வேலை. அப்பா என்னிடம் கேட்கவில்லை. சின்ன வயதில் நான் எடுத்துவந்த பள்ளிக்கூடத்து வெண்கட்டித் துண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று நடத்தி அனுப்பிய மகளிடம் அவர் எப்படிக் கேட்பார்? அவர் மறைத்த ஒரே விடயம் இதுவாகத்தான் இருக்கும். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். வீட்டில் அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பை மூடியபடியே இருந்தது. சொல்லிவிட்டேன். விஜிதரன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அம்மா கணினிப் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் சொன்னதுக்கு மூடல்லையா மகள்?"

"இல்லம்மா."

"இதுக்கா இந்த மனிசன் வாயத் திறக்காமப் போனார்" என்றார். அப்போதுதான் அழுதார். செத்தவீட்டில் அழுததைப்போல அல்ல, கோபத்தோடு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "களவோட குடுக்காத. எடுத்துப்போட்டுட்டுக் குடு" என்றார். அன்று கொஞ்சம் சாப்பிட்டார்.

எல்லாவற்றையும் அழித்தேன். இலவசமாகக் கிடைப்பவற்றைப் போட்டேன். அப்பாவின் கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன், ஆனால் புதியதில் அவை ஒழுங்காகத் திறக்கவில்லை. எழுத்துகளின் கொம்பும் அரவும் இடம் மாறிக் கிடந்தன. ஊரில் செத்துப்போனவர்களின் பெயர்கள் வாசிக்க முடியாத எழுத்துகளாக நின்றன. ஒன்றிரண்டைத் திருத்தப் பார்த்தேன். முடியவில்லை. அப்பாவின் கல்வெட்டை வேறு எழுத்தில் செய்தேன். பார்க்க அவர் கைவேலை மாதிரி இல்லை.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்தபின் வாசிகசாலைச் செயலாளர் அருமைநாயகம் கணினியைப் பெற்றுக்கொண்டார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"பிள்ள, விண்டோஸ் அடிச்சுத்தானே கிடக்கு?"

"இல்ல ஐயா. ஒண்டும் அடிக்கல்ல. வேற போட்டிருக்கு."

எல்லாம் ஒன்றுதானே என்று அவர் தலையாட்டினார். கோப்பைகள் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.