அப்பாவின் முகத்துக்கு அவுட்லைன்

பெற்ற தகப்பனின் முகத்தை இரண்டு மாதம் உட்கார்ந்து, மௌஸைப் பிடித்து, நானே அழித்தேன். அந்த வேலைக்கு என்னை விட்டால் ஜில்லாவில் ஆளில்லை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் கணினியில் வடிவமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். திண்டிவனத்தில் அப்பா இறந்து, கல்லறைக்குக் கல் வைக்கும் பேச்சு வந்தபோது அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அவரு மூஞ்சி கல்லுல தெரியணும்டா. கல்லறைத் திருநாளுக்குப் போனா, மூஞ்சப் பாத்துக்கினு ஜெபம் சொல்லணும்."

போட்டோ வெயிலில் வெளுத்துவிடும், நான் வரைந்து கருங்கல்லில் செதுக்கினால் காலத்துக்கும் நிற்கும் என்றேன். ஓவியக்கலை பற்றி இரண்டு புத்தகம் படித்தவன் இதைவிட அடக்கமாகப் பேச முடியாது.

அப்பாவின் படம் ஒன்றைத் திரையில் அடியில் வைத்து, மேலே துண்டு துண்டாக வரைந்தேன். கன்னத்துக்கு ஒன்று, அதன்மேல் வெளிச்சத்துக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே தொங்கும் சதைக்கு மூன்று. எல்லாவற்றுக்கும் அவுட்லைன் என்கிற ஓரக்கோட்டை எடுத்துவிட்டு, ஃபில் என்கிற உள்பக்கத்தில் மட்டும் சாம்பல் நிறத்தை அடர்த்தியாகவும் வெளிறலாகவும் ஊற்றினேன். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கூப்ட்டா திரும்புவாரு போல இருக்குது" என்றாள்.

அந்த வாக்கியத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

கல்லில் செதுக்க, முதலில் படத்தை ஸ்டிக்கரில் வெட்ட வேண்டும். வெட்டிய ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி, திறந்த இடத்தில் கொத்துவார்கள். வெட்டும் மெஷினில் இருப்பது ஒரு கத்தி. அது ஓரக்கோட்டின் மேல் ஓடும். உள்ளே ஊற்றிய நிறம் அதற்குப் பொருட்டே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக நான் அடுக்கிய அத்தனை துண்டுகளின் ஓரத்தையும் அது வெட்டித் தள்ளியது. ஸ்டிக்கர் கடைக்காரர் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா சார் இது, முட்டகோசா?"

"எங்கப்பா."

"அய்யய்யோ, மன்னிச்சிக்குங்க சார். இப்ப பாத்தா தெரியுது" என்றார். தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை.

திரும்ப வந்து ஃபில்லை எடுத்தேன், அவுட்லைனைப் போட்டேன், துண்டுகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். கண்ணுக்குக் கீழிருந்த சதை போனது. கன்னம் போனது. எதை எடுத்தாலும் அப்பா கொஞ்சம் குறைந்தார். எதை விட்டாலும் முட்டைக்கோஸ் திரும்பி வந்தது. கண்ணை மூடி நிஜ முகத்தை நினைத்துப் பார்த்தேன். சாம்பல் துண்டுகள்தான் வந்தன. இன்றும் அவைதான் வருகின்றன.

திருநாள் நெருங்கிவிட்டது. மிஞ்சிய கோடுகளை ஸ்டிக்கரில் வெட்டி, கல் கொத்துகிறவரிடம் கொடுத்தேன். கல்லில் வந்தவர், பஸ் ஸ்டாண்டு கழிவறைக் கதவில் 'ஆண்கள்' என்ற எழுத்துக்கு மேலே இருப்பாரே, அவர்.

கல்லறைத் திருநாளன்று அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள். சாமந்தி மாலையை முகத்தின் மேல் படுகிற மாதிரி போட்டாள். பிறகு கல்லைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் வைத்துச் சொன்னாள்: "கூட்டேரிப்பட்டுல ஒருத்தன் போட்டோவையே பீங்கான் ஓட்டுல பதிச்சுக் குடுக்கறானாம், வெயில்ல வெளுக்காதாம். எனக்கு அப்பவே தெரியும். நீ ஆசையா பண்ணிக்கினு இருந்தியேன்னு சொல்லல."