காவடிக்கென்று கேட்ட சக்கரங்கள்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன், சிரிக்காவிட்டால் சாமானைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னையே ஊர் சந்தேகப்பட்டதுதான் வேடிக்கை.

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஆண்டுக்கு ஒரு முறை கௌபாய் போட்டி நடக்கும். தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, பழைய பாணித் துப்பாக்கிகள் நான்கை இடத்துக்கு இடம் கொண்டுபோய்ச் சுட வேண்டும். துப்பாக்கிகள் கிளப்பின் பூட்டுக்குள்ளேயே இருக்கும், வீட்டுக்கு வராது. தூக்கித் திரிய என் வலது தோள் இடம் கொடுக்கவில்லை. அதனால் கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் பலகை அடித்து ஒரு தள்ளுவண்டி செய்தேன். சக்கரம்தான் அமையவில்லை. டிராலிச் சக்கரம் சரளைக்கல்லில் புதைந்தது. குழந்தை வண்டிச் சக்கரம் கனம் தாங்காமல் கோணியது. சக்கரம் தேடக் கூட வா என்று மனைவியைக் கூப்பிட்டேன். ரவிக்கை அளவு சரியில்லை என்று மூன்றாவது முறையாக பிரிக்பீல்ட்ஸ் தையல்கடைக்கு ரயில் ஏறிவிட்டாள்.

பூச்சோங்கில் ஒரு ஹார்ட்வேர் கடையில், காற்றடைத்த நல்ல சக்கரம் கிடைத்தது. எதற்கு என்று கேட்டார் கடைக்காரர். துப்பாக்கி வைக்கிற வண்டிக்கு என்று உண்மையைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார், என் கார் நம்பரைப் பார்த்தார், ஸ்டாக் இல்லை என்றார். சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனமில்லாமலே பயம் வந்தது.

இனி உண்மை பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். பக்கத்து ஊர் காப்பாரில் காவடி செய்கிறவர் ஒருவர் இருந்தார். இப்போதெல்லாம் பெரிய காவடிகளுக்கு அடியில் சக்கரம் வைக்கிறார்களே, அது சரளையிலும் ஓடும். காவடிக்கு என்று கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு ஜோடியை எடுத்துவந்து வைத்தார். காசு வேண்டாம் என்றார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். நான் பார்த்தேன். குந்தி உட்கார்ந்து, விரிசலா, திருட்டுச் சாமானா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அவர் பொறுமையாக நின்றார்.

"என் மகளுக்காக நான் எடுத்த காவடியோட சக்கரம் அண்ணே. உங்களுக்கு யாருக்கு வேண்டுதல்?"

"வீட்டுக்காரிக்கு. உடம்பு சரியில்ல." வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார். எதற்கு நம்பர் என்று வீடு வரும்வரை குடைந்தது.

மூன்றாம் நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, மனைவி எடுத்தாள். அண்ணன் விரதம் எப்போது தொடங்குகிறார், அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று காவடிக்காரர் விசாரித்தாராம். நான் வந்தபோது அவள் அந்தச் சக்கரங்களின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொய் பிடிபட்டது, சண்டை நிச்சயம் என்று நினைத்தேன்.

"யாரு சொன்னா உங்ககிட்ட?" என்றாள்.

சக்கரத்துக்காகச் சொன்ன பொய் என்றேன். நம்பினாளோ என்னவோ, சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். மார்பில் கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு அடுத்த வாரம். ரவிக்கை என்று எதுவும் இல்லை.

ஊரில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டவன், தைத்த ரவிக்கை எங்கே என்று ஒரு நாள் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் சக்கரங்களைக் காப்பாருக்கே கொண்டுபோனேன். கௌபாய் போட்டி, தள்ளுவண்டி, தோள்வலி, பொய், கட்டி எல்லாவற்றையும் காவடிக்காரரிடம் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சக்கரங்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, காவடிக்கு அளவெடுக்கும் நாடாவை எடுத்தார்.

"எந்தத் தோளு வலிக்குது அண்ணே?"