மாண்புமிகு தலைவர் அவர்களுக்கு, கள்ளிக்குப்பத்திலிருந்து

எங்கள் தொழிலில் ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவது கல்யாணப் பதிவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும்தான். மற்ற எதற்கு வந்தாலும் முதலில் தண்ணீர் கேட்பார்கள்.

அம்பத்தூர் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு சந்தில் எனக்கு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. நெமிலிச்சேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்து ஷட்டரைத் தூக்குகிறேன். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று எதுவானாலும் அடித்துக் கொடுப்பேன். நீங்களும் ஒரு மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு ஆபீஸ் வாசலில் நின்றவர்தான் என்றால் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு மனுவைப் பற்றி. அது மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. ஆணையத்தில் இருப்பது யார், அவர்களை யார் வைத்தது, அவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதெல்லாம் அதை அடித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

பெறுநர்

கஸ்தூரியும் அவள் புருஷன் டில்லிபாபுவும் ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தார்கள். கள்ளிக்குப்பத்துக்காரர்கள். அவளுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அவர் இன்னொரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். பேச்சு முழுக்க அவளுடையது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காது என் பக்கம் வரும்படி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவரை வழியில் நிறுத்தி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பைக் திருட்டு. கேமராவில் தெரிந்த ஆள் நீலச் சட்டை, இவரும் நீலச் சட்டை. அது கம்பெனி யூனிஃபார்ம், இதே சட்டையில் இருநூறு பேர் இதே ரோட்டில் போகிறோம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அறைந்ததில் இடது காது கேட்காமல் போயிற்று. மூன்றாம் நாள் நிஜத் திருடன் வேறெங்கோ அகப்பட்டதும், ஆள் மாறிப்போச்சு, கிளம்பு என்று அனுப்பிவிட்டார்கள். ஆள் மாறிப்போனதைத் தெருவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இவர் வாசலில் வந்து நின்றால் எதிர்வீட்டுக்காரர் தன் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போவாராம்.

மறுபடி போலீஸ் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று டில்லி பதினோரு மாதத்துக்கு மேல் தள்ளிவிட்டார். சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது. மிச்சம் இருந்தது பத்தொன்பது நாள். நான் அவசரமாகப் ‘பெறுநர்: மாண்புமிகு தலைவர்’ என்று அடிக்க ஆரம்பித்தேன். அந்தத் தலைவர் யார் என்று கஸ்தூரி கேட்டாள். ஐகோர்ட்டில் ஜட்ஜாக இருந்தவரைத்தான் போடுவார்கள், பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர் என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“ரிட்டயரான மனுசன்னா நிதானமா படிப்பாருக்கா. நீ கொறைக்காம பெருசாவே எழுது.”

மேல்வீட்டுத் தண்ணீர்

பெஞ்சில் அடுத்ததாக ஓர் ஐ.டி. தம்பி காத்திருந்தார். பெயர் செந்தில்வேல், தென்காசிப் பக்கம். நூம்பலில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து அவர் படுக்கைக்குத் தண்ணீர் சொட்டுகிறது, அதற்கு மனித உரிமை ஆணையத்துக்கு எழுத வேண்டும். அரசு ஊழியர் செய்த தப்புக்குத்தான் அங்கே போக முடியும், மேல்வீட்டுக்காரர் செய்ததற்குப் போக முடியாது என்று சொன்னேன். நம்பாமல் போனில் சட்டத்தையே திறந்தார். நான் சொன்னது சரி என்று தெரிந்ததும் வாடிப்போனார். ஆனால் திறந்ததைப் படிக்காமல் மூட மனசு வரவில்லை போலிருக்கிறது. கஸ்தூரிக்கு வரிவரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

தலைவரையும் இரண்டு உறுப்பினர்களையும் நியமித்துக் கையெழுத்துப் போடுவது கவர்னர். ஆனால் யார் வேண்டும் என்று சொல்வது ஒரு கமிட்டி. முதலமைச்சர், சபாநாயகர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். எதிர்க்கட்சித் தலைவருமா என்று கஸ்தூரி இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், ஏரியாவில் யாராவது செல்வாக்கான ஆள் போன் போட்டால் அந்தத் தலைவரை மாற்றிவிட முடியுமா என்று கேட்டாள். அதுதான் அவளுடைய உண்மையான பயம். முடியாது, அரசாங்கமே நினைத்தாலும் முடியாது, சுப்ரீம் கோர்ட் விசாரித்துக் குற்றம் என்று சொன்னால்தான் ஜனாதிபதி நீக்கலாம் என்று செந்தில்வேல் படித்துக் காட்டினார்.

அதுவரை வாய் திறக்காத டில்லி முதல் தடவையாகப் பேசினார்.

“அவுர தூக்கணும்னா டெல்லி வரிக்கும் போணும். டில்லிய தூக்க ஒரு கான்ஸ்டபிள் போதும்.”

நாற்காலி காலியானபோது

மனு போய்ச் சேர்ந்து, நம்பர் போட்ட கடிதம் வந்தது. கஸ்தூரி அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். சில மாதம் கழித்து ஒரு காலையில், நான் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் குனிந்து உள்ளே வந்தாள். ஆணையத் தலைவர் பதவி முடிந்து போய்விட்டாராம், டிவியில் சொன்னார்களாம். அவர் பெயருக்குத்தானே மனு எழுதினோம், இனி யார் படிப்பார்கள்? வேறு பெயருக்கு அடித்தால் ஒரு வருஷக் கெடு தாண்டிவிட்டது என்று தள்ளிவிடுவார்களே? கேன்டீனுக்கு லீவு சொல்லாமல் வந்திருந்தாள்.

எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. செந்தில்வேலுக்குப் போன் போட்டேன். மனிதர் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து விளக்கினார். தலைவருக்கு மூன்று வருஷம்தான் பதவிக்காலம், அதற்குள் எழுபது வயது வந்தால் அன்றோடு சரி. இடம் காலியானால் உறுப்பினர்களில் ஒருவரைத் தலைவர் வேலையையும் பார்க்கச் சொல்லி கவர்னர் உத்தரவு போடலாம். அந்த நாலு பேர் கமிட்டி மறுபடி கூடிப் புதியவரைச் சொல்லும்வரை அவர் பார்ப்பார். மனு ஆணையத்துக்குப் போனது, ஆளுக்கு இல்லை. அதே நம்பர், அதே இடம். நான் திருப்பிச் சொல்லச் சொல்ல, கஸ்தூரி அதைத் தனக்குத் தெரிந்த பாஷையில் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“எங்க கேன்டீன்ல மாஸ்டர் இல்லேன்னா நான்தான் சாம்பார் வெக்கிறேன். ஒருத்தரும் பட்டினியா போனதில்லக்கா.”

விசாரிக்க வந்தவர்

ஆணையத்துக்கென்று ஒரு விசாரணைப் பிரிவு உண்டு. அதில் இருப்பவர்களும் போலீஸ்தான். இதை நான் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் தப்பு. போலீசைப் போலீஸ் விசாரிக்கும் என்றால் டில்லி மனுவே வேண்டாம் என்று எழுந்துவிடுவார் என்று பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாதாரணப் புடவையில் ஓர் அம்மாள் வந்து, தான் இன்ஸ்பெக்டர், ஆணையத்திலிருந்து வருகிறேன் என்றாராம். டில்லி பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கஸ்தூரி கெஞ்சிப் பார்த்தாள். அந்த அம்மாள் அவசரப்படவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, கஸ்தூரி போட்ட டீயைக் குடித்து, காது டாக்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அந்த அம்மாள் எழுந்து டில்லியின் வலது பக்கமாக வந்து உட்கார்ந்துதான் முதல் கேள்வியைக் கேட்டாராம்.

மறுநாள் டில்லி தானாகவே கடைக்கு வந்தார். முன்னாடியே சொல்லாததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“போலீசு ஒரு கேள்வி கேட்டுட்டு, நான் பதில் சொல்லி முடிக்கிற வரிக்கும் காத்துகினு இருந்தது இதான்க்கா மொத வாட்டி.”

அனுபவம்

விசாரணைக்கு நகரத்துக்குப் போக வேண்டிய நாளில் நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். ரயிலில் இடம் கிடைத்தது. கஸ்தூரி வழக்கம்போல அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். இன்றைக்கு யார் விசாரிப்பார்கள் என்று டில்லி கேட்டார். உறுப்பினர் ஒருவர் என்றேன். இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் ஐகோர்ட்டிலோ, ஏழு வருஷமாவது மாவட்டக் கோர்ட்டிலோ ஜட்ஜாக இருந்தவர். இன்னொருவர் ஜட்ஜாக இருக்க வேண்டியதில்லை, மனித உரிமை விஷயத்தில் அறிவோ நடைமுறை அனுபவமோ இருந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ரயில் கொரட்டூரைத் தாண்டியது. அப்புறம் டில்லி என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

“நடைமுறை அனுபவம்னா, அந்த சீட்டுக்கு நானும் மனு போடலாம் போலகீதே.”

கஸ்தூரி சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் பழகியும் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவரைத் தோளில் லேசாகத் தட்டினாள்.

“போட்டா மொதல்ல தலைமுடிய வெட்டிகினு போடு.”

வேண்டுகோள்

மனுவின் கடைசிப் பத்தியை நாங்கள் வேண்டுகோள் என்போம். எல்லா மனுவுக்கும் எங்களிடம் ஒரே மாதிரி வாக்கியம் தயாராக இருக்கும். ‘சம்பந்தப்பட்டவர் மீது தக்க நடவடிக்கை எடுத்து உரிய இழப்பீடு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பெயரை மட்டும் மாற்றுவோம். டில்லி மனுவிலும் அதைத்தான் போட்டிருந்தேன். அவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

விசாரித்தவர் மாவட்ட ஜட்ஜாக இருந்தவர். எதிரில் அந்த சப்-இன்ஸ்பெக்டர் வக்கீலோடு நின்றார். டில்லிக்கு வக்கீல் இல்லை. அங்கே தேவையும் இல்லை. நடந்ததை வரிசை மாறாமல் சொன்னார். விசாரணைப் பிரிவின் அறிக்கையும் அவர் சொன்னதோடு ஒத்துப்போனது. எல்லாம் முடிந்து உறுப்பினர் மனுவைப் புரட்டி, இதில் கேட்டிருப்பது தவிர வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். டில்லி வலது காது அவர் பக்கம் வரும்படி திரும்பிக்கொண்டார். நான் திருடன் இல்லை என்று ஒரு பேப்பரில் எழுதித் தர வேண்டும், அதுதான் எனக்கு வேணும் என்றார். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. உறுப்பினர் அதைத் தன் கைப்பட எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது எனக்குத்தான் அழுகை வந்தது. இருபத்திரண்டு வருஷமாக மனு அடிக்கிறேன், முக்கியமான வரியை விட்டிருக்கிறேன். டில்லி தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

“உன் மேல தப்பு இல்லக்கா. அன்னிக்கி நான் வாயத் தொறந்திருந்தா நீ அடிச்சிருப்ப.”

பரிந்துரை

உத்தரவு வர மேலும் சில மாதங்கள் ஆயின. கஸ்தூரிதான் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்தாள். டில்லியும் வந்தார். நான் படித்தேன். காவலில் வைத்ததும் அடித்ததும் மனித உரிமை மீறல். இழப்பீடு தரவும், அந்த சப்-இன்ஸ்பெக்டர் மேல் துறை நடவடிக்கை எடுக்கவும் அரசுக்குப் பரிந்துரை செய்யப்படுகிறது. கஸ்தூரி ‘பரிந்துரை’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். அப்படியென்றால் சொல்வார்கள், ஆனால் செய்ய மாட்டார்களா என்று கேட்டாள். ஆணையம் அரசுக்கு அனுப்பும், அரசு என்ன செய்தது என்று ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். அவளுக்கு அது பாதிச் சமாதானம்தான். எனக்கும் அப்படித்தான். பிற்பாடு அரசு ஏற்றுக்கொண்டு கடிதம் வந்தது. துறை விசாரணையும் தொடங்கியது. ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது.

டில்லிக்கு அந்தச் சொல் எதுவும் பெரிதாகப் படவில்லை. ஒன்பதாம் பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னார். ‘மனுதாரருக்கும் மேற்படி திருட்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பது ஐயமின்றித் தெளிவாகிறது.’ மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை அவரே விரலை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அந்தப் பக்கத்தில் மட்டும் இருபத்தெட்டு காப்பி வேண்டும் என்றார். வேறு எந்த ஆபீசுக்காவது அனுப்ப வேண்டுமா, கவர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

“எங்க தெருவுல மத்த ஊடு இருபத்தேழு கீதுக்கா. நானே போய் ஊட்டுக்கு ஒண்ணா குடுத்துட்டு வரேன், மீதி ஒண்ணு எங்க ஊட்டுக்கு.”

எடுக்கிற பத்துக் காப்பிக்கு ஒரு தாளையாவது மாட்டிக்கொள்ளும் என் பழைய மிஷின், அன்று இருபத்தெட்டையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டது. அரசாங்கக் காகிதத்தில் இப்படித் தடங்கலில்லாமல் ஒரு வேலை முடிந்தது என் சர்வீசில் அதுதான் முதல் தடவை.